பிளேனில் மட்டும்தான் காட்டுவார்கள்

ஓடைக்கல் தேயிலைத் தோட்டத்தில், கூலி வீடுகள் வரிசையாக நிற்கும் மேல்கணக்கு லயத்தில் மூக்காயியைப் போலப் பயந்தவள் வேறு யாரும் கிடையாது. அட்டை, குளவி, இருட்டு எதற்கும் அவள் அசைய மாட்டாள். ஆபீஸ் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். கடிதாசி வந்தாலும், ஜீப் சத்தம் கேட்டாலும் பயம்தான். தோட்டத்தை நடத்தும் துரை சிரித்தால் அதைவிடப் பயம்.

சும்மா சொல்லக் கூடாது, அவளுடைய பயத்துக்குக் காரணமும் இருந்தது. சின்ன வயதில் அரசாங்கக் கடிதாசி ஒன்று வந்து சித்தப்பன்மார் இரண்டு பேரும் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் இரண்டு நாள் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்து கிடந்திருக்கிறாள். ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான் தான் பிழைத்திருப்பதாக அவளுக்கு எண்ணம்.

இப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து பேசினாள். அதுவும் தைரியத்தில் பேசவில்லை, பயப்பட வேண்டாம் என்று ஒருவன் சொன்னதை நம்பிப் பேசினாள்.

அது நடந்தது மூன்று வருஷத்துக்கு முன். தேயிலையைப் பற்றிப் படம் எடுக்க வெள்ளைக்காரர்கள் நாலு பேர் கமெராவோடு வந்தார்கள். பேச்சை மொழிபெயர்க்கக் கண்டி டவுனிலிருந்து சேதுராமன் என்ற பையன் கூட வந்திருந்தான். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த முப்பது பேரில் அவர்களுக்கு மூக்காயியின் முகம்தான் பிடித்தது. மூக்குத்திதான் காரணம் என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள்.

"மறக்க முடியாத நாள் எதுன்னு கேக்குறாங்க அக்கா."

"அதெல்லாம் வேணாம் தம்பி. டிவியில போட்டா தொர பாப்பாரு."

"இது இங்க எந்த டிவியிலயும் வராது. பிளேன்ல மட்டும்தான் காட்டுவாங்க. பிளேன்ல போறவங்க பொழுது போகாம பாக்குற படம்."

மூக்காயி யோசித்துப் பார்த்தாள். பிளேனில் போகிறவர்கள் யார்? எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குத் தெரிந்தால் நமக்கென்ன? இருபது வருஷமாகத் தொண்டையில் நின்றதை அன்றைக்குச் சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னது நாத்தனார் சிவகாமியின் கதை. சிவகாமி அவள் புருஷன் வீரையாவின் தங்கை, நிறைமாதக்காரி. அவளைக் கட்டியவன் கொழும்புப் பக்கம் வேலைக்குப் போனவன், திரும்பவே இல்லை. ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும்போதே அவளுக்கு வலி கண்டுவிட்டது. தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். தோட்டத்து லொறி கொழுந்து மூட்டைகளோடு நின்றது. அப்போதைய சின்னத்துரை, கொழுந்து சூடேறிவிடும், முதலில் பெக்டரிக்குப் போகட்டும், லொறி திரும்பி வந்து இவளை நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகட்டும் என்றார். லொறி திரும்பி வர ஒன்றரை மணி நேரமானது. டவுனை எட்டும் முன்பே பிள்ளை பிறந்தது, தாய் போய்விட்டாள். லொறியிலிருந்து பிள்ளையோடு இறங்கியவள் மூக்காயி. வீரையா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பிள்ளையை அவளே வளர்த்தாள். ரஞ்சிதம் என்று பெயர். பெற்றவள் யார் என்று பிள்ளைக்குத் தெரியும். ஆனாலும் பேசத் தொடங்கிய நாளிலிருந்து மூக்காயியை அம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

அந்தச் சின்னத்துரை வேறு தோட்டங்களுக்கு மாறிப் போய், பல வருஷம் கழித்து ஓடைக்கல்லுக்கே பெரிய துரையாக வந்து சேர்ந்திருந்தார். மூக்காயி கமெராவுக்கு முன்னால் அவருடைய பெயரையும் சொல்லியிருந்தாள்.

மூன்று வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்துப் பீலியில் எல்லாரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்த பாப்பம்மா வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

"மூக்காயிக்கா, ஒங்கள நா பிளேன்ல பாத்தேன்! சீட்டுக்கு முன்னால சின்ன டிவி இருக்குல்ல, அதுல தேயில மல வந்துச்சு, ஒடனே நம்ம மொகம்! காதுல மாட்டுற சாமான் எனக்கு மாட்டத் தெரியல. வாய் மட்டும் அசையுது. கையக் கைய ஆட்டி என்னாக்கா அப்புடிப் பேசுனீங்க?"

குடம் நிரம்பி வழிந்தது. மூக்காயி அதைக் கவனிக்கவில்லை. நம் லயத்திலிருந்தே ஒன்பது பேர் குவைத்துக்கும் துபாய்க்கும் பிளேன் ஏறியிருக்கிறார்களே, இது எப்படித் தன் மண்டையில் ஏறாமல் போனது? பிளேன் என்றால் வெள்ளைக்காரன் ஏறுவது என்று அவள் நினைத்த காலத்திலேயே பக்கத்துக் காம்பராக்காரிகள் பாஸ்போட்டோடு நடந்துகொண்டிருந்தார்கள். போதாக்குறைக்குத் துரை தன் மகனைப் பார்க்க லண்டனுக்குப் போயிருந்தார். அடுத்த வாரம் திரும்பி வருவார்.

"லண்டன் பிளேனும் குவைத் பிளேனும் ஒண்ணா பாப்பா?"

"கம்பெனி ஒண்ணுதான். நா போறப்ப எங்ககூடக் கொழும்புல ஏறுனதுல பாதிப் பேரு அங்கிட்டு எறங்கி லண்டன் பிளேனுக்கு மாறுனாங்க." பாப்பம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பயப்படாதீங்கக்கா. அதுல நூறு படம் இருக்கு. அதயெல்லாம் விட்டுட்டுத் தொர கொழுந்து எடுக்குறதையா பாப்பாரு?"

சொன்னவள் குடத்தைத் தூக்கினாள். அவளுடைய இடது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி வெளுத்திருந்தது. இஸ்திரிப் பெட்டி பட்டது என்றாள். பட்டதா வைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கையைப் பார்த்த பிறகு மூக்காயிக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் ரஞ்சிதம். அவளும் குவைத்துக்குப் போவதென்று பாஸ்போட்டு எடுத்து, கண்டியில் மெடிக்கல் முடித்து, ஏஜென்சியில் பேரும் கொடுத்திருந்தாள். தடுக்க ஒரே ஒரு வழி இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை ஒன்று காலியாகியிருந்தது. அது கிடைத்தால் ஊரிலேயே இருந்துவிடுகிறேன் என்று ரஞ்சிதம் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்குத் துரை கையெழுத்துப் போட வேண்டும். எந்தத் துரையைப் பற்றி மூக்காயி உலகத்துக்குச் சொன்னாளோ, அதே துரை.

நூறு படம் இருக்கிறது என்ற ஆறுதல் அரை நாள்கூட நிற்கவில்லை. டிவியில் தேயிலை விளம்பரம் வந்தால் தானே அடுப்பை விட்டு ஓடி வந்து பார்ப்பது அவளுக்கு நினைவு வந்தது. தினம் பார்க்கிற செடிதான், இருந்தாலும் ஓடி வருவாள். துரை மட்டும் என்ன, அவரும் மனுஷன்தானே? கட்டாயம் பார்த்திருப்பார். பார்த்தால் தன் பெயரைக் கேட்டிருப்பார். கொழுந்து எடுக்கும்போது முற்றல் இலையையும் சேர்த்துக் கிள்ளினாள். கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். மலைக்கு மேலே பிளேன் சத்தம் கேட்டபோதெல்லாம் குனிந்துகொண்டாள், மேலிருந்து யாரோ அவளைத் தேடுகிற மாதிரி.

துரை வந்த மூன்றாம் நாள், வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை சொன்னார்: "மூக்காயி, நீ இன்னைக்கு மலைக்குப் போக வேணாம். மகளையும் கூட்டிக்கிட்டு ஆபிசுக்குப் போ. தொர வரச் சொன்னாரு."

ஆபீசுக்குப் போகிற வழி முழுவதும் அவள் முருகனைக் கூப்பிட்டாள், மாரியாத்தாளைக் கூப்பிட்டாள். ரஞ்சிதம் அவள் கையைப் பிடித்திருந்தாள். "என்னாம்மா இப்புடி வேர்க்குது? தொர என்ன புலியா?" என்றாள். படத்தில் சொன்னதெல்லாம் அவளுக்குத் தெரியும். மூக்காயி சொல்லியிருந்தாள். பெற்றவள் பெயரை வெள்ளைக்காரன் கமெராவில் சொன்னதில் ரஞ்சிதத்துக்குப் பெருமைகூட இருந்தது.

துரை கதிரையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் கிளாக்கர் ராஜலிங்கம் நின்றார். மேசையில் பிள்ளைக்காம்பரா வேலைக்கான கடிதம் விரித்தபடி கிடந்தது. துரை சிரித்தார்.

"மூக்காயி பெரிய ஆள் ஆயிட்டே! நான் பிளேன்ல பாத்தேன். போன்ல கூட எடுத்தேன். பாரு."

போனை அவள் பக்கம் திருப்பினார். அவள் முகம், அவள் மூக்குத்தி. வாய் திறந்தது. அவளுடைய சொந்தக் குரல் ஒரு நொடி கேட்டது: "எங்க சிவகாமி..." அவ்வளவுதான். அதற்கு மேல் யாரோ ஒரு பெண் இனிப்பாக இங்கிலீஷ் பேச ஆரம்பித்தாள். மூக்காயியின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. கண் கலங்கியது, கை நெஞ்சில் அடித்தது. இங்கிலீஷ்காரி மட்டும் சிரித்துச் சிரித்துப் பேசினாள்.

கிளாக்கர் எடுத்துச் சொன்னார். "இந்த மலை எனக்குத் தாய் மாதிரி, மழை வந்தா நாங்க பாட்டுப் பாடிக்கிட்டே கொழுந்து எடுப்போம், எங்களுக்கு ஒரு கொறையும் இல்லன்னு நீ சொல்றியாம்."

மூக்காயி பிறந்த நாளிலிருந்து மலையில் பாடியதில்லை. துரையின் பெயர் அதில் இல்லை. லொறியும் இல்லை, சிவகாமி செத்ததும் இல்லை. இத்தனை நாளாக அவள் பயந்து செத்தது ஒன்றுமில்லாததற்கு. உடம்பிலிருந்து பயம் இறங்கும்போது அவளுக்கு அழுகை முட்டியது. சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரொம்ப நல்லாப் பேசியிருக்கே," என்று துரை பேனாவை எடுத்தார். கடிதத்தின் மேல் கையை வைத்தவர் நிறுத்தினார். "ஆமா, மொதல்ல ஒரு பேர் சொல்றியே. சிவகாமி. அது யாரு?"

அவர் உண்மையாகவே கேட்டார். அந்த மனுஷனுக்கு ஞாபகமே இல்லை. மூக்காயி பேனாவைப் பார்த்தாள். பக்கத்தில் ரஞ்சிதம் தலையை நிமிர்த்துவது தெரிந்தது. சொல், சொல் என்று அந்தப் பிள்ளை மூச்சை அடக்கி நிற்பதும் தெரிந்தது. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பாப்பம்மாவின் கை மூக்காயியின் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"சாமி பேருங்க தொர," என்றாள். "எதையும் ஆரம்பிக்க முன்னால சொல்லிக்குவோம்."

"ஆ, குட், குட்," என்று துரை கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து பெக்டரி வளைவு தாண்டும் வரைக்கும் மூக்காயிதான் பேசிக்கொண்டே வந்தாள். வேலை கிடைத்துவிட்டது, நாளைக்கே சேரலாம், வெள்ளைச் சீலை ஒன்று எடுக்க வேண்டும் என்று ஏதேதோ. லொறி நிற்கிற இடத்தில் ரஞ்சிதம் நின்றாள். கடிதத்தை நாலாக மடித்து மூக்காயியின் கையில் வைத்தாள்.

"இத நீங்களே வச்சுக்கங்க அத்தை. நா குவைத்துக்குப் போறேன்."

முறைப்படி அத்தைதான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பிள்ளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மூக்காயி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். உனக்காகத்தானேடி சொன்னேன் என்று மாரில் அடித்துக்கொண்டாள். ரஞ்சிதம் அழுதாள், ஆனால் மனம் மாறவில்லை. அடுத்த மாதம் பிளேன் ஏறினாள்.

பதினொரு நாள் செய்தி இல்லை. பன்னிரண்டாம் நாள் பாப்பம்மாவின் போனுக்கு அழைப்பு வந்தது. பாப்பம்மா மலைச் சரிவில் விழுந்தடித்து ஓடி வந்து மூக்காயியின் காதில் வைத்தாள்.

"பிளேன்ல ஒங்களப் பாத்தேன்." ரஞ்சிதம் மெதுவாகப் பேசினாள், பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போல. "காதுல மாட்டிக் கேட்டேன். எங்க சிவகாமின்னு சொல்றீங்கல்ல, அந்த எடம். அத மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். எறங்குற வரைக்கும் வேற ஒண்ணும் பாக்கல. எங்கம்மா பேரு நல்லாக் கேக்குதும்மா."

கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் அழுத்திக்கொண்டிருந்தது.

"கையக் காட்டுடி," என்றாள் கடைசியில். போனில் எப்படிக் காட்டுவது என்றுகூட யோசிக்கவில்லை. "கை நல்லா இருக்கா? சொல்லு. கை நல்லா இருக்கா?"

அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல் அதட்டிக் கூப்பிட்டது. "மேடம் கூப்புடுறாங்க, வைக்கிறேன்," என்றாள் ரஞ்சிதம். போன் நின்றுவிட்டது.