சுஜா சொன்ன ஸ்தோத்திரம்

சுஜாவின் கடை திருவொற்றியூர் தேரடிக்குச் சற்றுத் தள்ளி. நட்டு, போல்ட், நைலான் கயிறு, பெயிண்ட். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். கல்யாணமாகி வந்து இருபது வருடமாக இங்கேதான். பொய் சொல்லத் தெரியாதவள், ஜெபக்கூட்டத்துக்குத் தவறாதவள் என்று தெருவில் நல்ல பெயர். அந்தப் பெயர்தான் கடைசியில் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

அவளுடைய ஒரே கெட்ட பழக்கம், போனில் இருந்த ஒரு விளையாட்டு. சாம்பல் நிறத் திரை, சில வெள்ளைப் புள்ளிகள், சில கோடுகள். பாட்டு கிடையாது, எப்படி ஆடுவது என்று ஒரு வரிகூட எழுதியிருக்காது. தப்புத் தப்பாகக் கோடு இழுத்து, விதியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த கட்டத்தில் இன்னொரு விதி வந்து சேரும். இதில் என்ன சுகம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் அவள் கடையில் நின்று பார்க்கட்டும். கால் இஞ்ச் போல்ட்டுக்கு அரை மணி நேரப் பேரம். வாங்கிப் போனதையே மாலையில் திருப்பிக் கொண்டுவந்து ஒரு சண்டை. அந்தப் புள்ளிகள் யாரிடமும் பேரம் பேசுவதில்லை. விடை ஒன்றுதான், அது எங்கேயோ நிச்சயமாக இருக்கிறது. அந்த நிச்சயம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

நூற்றுப் பன்னிரண்டாம் கட்டம் மூன்று நாளாக அவளைத் திணறடித்தது. வெள்ளிக்கிழமை மாலை ஞானத்தின் வீட்டில் ஜெபக்கூட்டம். ஞானம் அடுத்த தெருக்காரி, மீன் விற்பவள். அவள் மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துப் பரிசோதிக்கச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். எல்லோரும் கண்ணை மூடி அவளுக்காக மன்றாடிக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் வேதாகமமே போனில்தான் என்பதால் சுஜாவின் மடியில் கிடந்த போனை யாரும் தப்பாக நினைக்கவில்லை. அவளும் முதலில் வசனத்தைத்தான் பார்த்தாள். பிறகு விரல் சும்மா இருக்கவில்லை.

சட்டென்று விடை பிடிபட்டது. கோடு கடைசிப் புள்ளியைத் தொட்டதும், நல்லது எது நடந்தாலும் அவள் வாயில் வருகிற வார்த்தை வந்துவிட்டது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

சத்தமாக. கண்ணில் தண்ணீர் வேறு.

மன்றாட்டின் நடுவே ஒருவர் அப்படிக் கூவினால், ஆண்டவர் பதில் கொடுத்துவிட்டார் என்றுதான் அந்தக் கூட்டத்தார் எடுத்துக்கொள்வார்கள். ஞானம் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, உனக்குக் காட்டிட்டாரா? கட்டி கரைஞ்சிடுமா?"

சுஜா வாயைத் திறந்தாள். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடிக்கொண்டாள். நல்ல பெயர் அவ்வளவு ருசியான பண்டம்.

திங்கட்கிழமை ஞானம் மீன்கூடையோடு கடை வாசலில் நின்று சிரித்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவலக்கா. இன்னாத்துக்கு வீண் அலைச்சல்? அதான் உனக்குக் காட்டிட்டாரே."

சுஜாவுக்கு அதற்கு மேல் வியாபாரம் ஓடவில்லை. பிற்பகலே கடையை அடைத்துவிட்டு ஞானத்தின் வீட்டுக்குப் போனாள்.

"ஞானம், அன்னைக்கி எனக்கு ஒண்ணும் காட்டல. நான் இதத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்று போனை நீட்டினாள்.

ஞானம் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தாள். "இன்னாக்கா இது?"

"விளையாட்டு. நாளைக்கு நீ கண்டிப்பா போணும். நானும் கூட வாறேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ அன்னிக்கு எனுக்காக ஒரு வார்த்தகூட நீ ஜெபிக்கலியாக்கா?"

"இல்ல."

ஞானம் போனைத் திருப்பி அவள் கையில் வைத்தாள்.

"காலைல போறேன்க்கா. நீ வர வேணாம். நான் தனியாவே போய்க்கிறேன்."