தாடிக்காரன் மன்னித்த படம்

படம் தொடங்க முன் சபாரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் ஆறுதலாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகு மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார். இவ்வளவு பாடுபட்டுத் துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாத மனிதர் ஒருவரை ராசமலர் வேறெங்கும் கண்டதில்லை.

"கண்ணாடி போட்டாக் கண் கீழ எழுத்துக்குப் போயிடும். பிறகு நடிகன்ரை முகத்தைப் பாக்கேலாது" என்பது அவர் சொல்லும் நியாயம்.

"கண்ணாடி இல்லாட்டி முகம் மட்டும் தெரியுமோ அண்ணை?" என்று ராசமலரின் கணவர் கோணேசன் கேட்பார்.

"பெரிய முகமெண்டாத் தெரியும். ராசாவுக்குப் பெரிய முகந்தான் வேணும். எனக்குத் தெரியேல்லையெண்டா அவன் ராசா வேசத்துக்குச் சரிவராதவன்."

கிரின்ஸ்டெட் டென்மார்க்கில் ஒரு சின்ன ஊர். சனிக்கிழமை பின்னேரம் வந்தால் கடைகள் பூட்டிவிடும், பஸ்ஸும் நினைத்தபோது வராது. கோணேசனும் சபாரத்தினமும் ஒரே தொழிற்சாலையில் கோதுமை மா பொதி செய்யும் பகுதியில் வேலை. சபாரத்தினத்தின் மனைவி இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. ஆகவே சனிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஊர் நூலகத்தில் படத்தட்டு இரவல் தருவார்கள். தமிழ்ப் படம் ஒன்றுமில்லை. அட்டையில் நிறையக் குதிரைகள் நின்றன என்பதற்காக ராசமலர் ஒருநாள் ஒரு சீனச் சரித்திரப் படத்தை எடுத்து வந்தாள். அன்று பிடித்தது அந்தப் பைத்தியம்.

பேச்சு சீனம், கீழே ஓடும் எழுத்து டெனிஷ். கோணேசன் ஒரு வரியை வாசித்து முடிக்கும்போது படத்தில் இரண்டு பேர் செத்திருப்பார்கள். எட்டாம் வகுப்போடு மட்டக்களப்பில் பள்ளிக்கூடத்தை விட்ட ராசமலர்தான் வேகமாக வாசிப்பாள். இங்கு வந்த புதிதில் மொழிப் பாடசாலையில் ஆசிரியை அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாதவள். கோயிலில் யாராவது சுகம் கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவாள். ஆனால் அடுத்தவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வெட்கமில்லை. கதிரையின் விளிம்பில் இருந்து, எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். சக்கரவர்த்தியும் படைத்தலைவனும் அரண்மனைத் தோழியும் அவள் குரலில் பேசினார்கள்.

ஆண்கள் இருவருக்கும் கதையில் பெரிய அக்கறை கிடையாது. யாரை எந்த வேடத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் வழக்கு. சீன நடிகர்களின் பெயர் வாயில் நுழையாததால் இவர்களே பெயர் வைத்திருந்தார்கள். கன்னம் ஒட்டி, எந்தப் படத்திலும் காய்ச்சல்காரன் போல வருபவன் 'வருத்தக்காரன்'. இன்னொருவன் 'சிரிப்பன்'. நெஞ்சுவரை தாடியும் கல்லுப்போன்ற முகமும் கொண்டவன் 'தாடி'.

"உவன் போன கிழமை குதிரைக்குப் புல்லுப் போட்டவனெல்லே?" என்பார் சபாரத்தினம், சிம்மாசனத்தில் வருத்தக்காரனைக் கண்டதும்.

"அது வேற படம் அண்ணை."

"படம் வேறையெண்டால்? அதே கன்னம், அதே இருமல். சனம் விழுந்து கும்பிடேக்கை எனக்குப் புல்லுக்கட்டுத்தான் நினைவு வருது."

"எங்கட பக்கம் கூத்தில ராசாவுக்கு ஆடுற ஆள் பகல்ல மாடு மேய்ப்பார். ஒருத்தரும் அதைச் சொல்லிச் சிரிக்கிறேல்ல." கோணேசன் ஊரில் ஒரே ஒருமுறை கூத்தில் வாயிற்காவலனாக நின்றவர். அந்த உரிமையில் பேசுவார்.

"அவருக்குத் தோள் இருந்திருக்கும். உவனுக்கு என்ன இருக்கு? ஐசே, சக்கரவர்த்திக்கு எங்கட கிறிஸ்துநாயகத்தாரைப் போட்டிருக்கவேணும். நத்தார் ஒன்றுகூடலில ஒரு கதிரையும் தூக்காமல் நாப்பது பேரை வேலை வாங்கினவர்."

இப்படியே சீனப் பேரரசு முழுவதற்கும் கிரின்ஸ்டெட்டில் ஆள் பிடித்து வைத்திருந்தார்கள். மேலதிக நேர வேலை இல்லையென்று சிரித்துக்கொண்டே சொல்லும் தொழிற்சாலை மேற்பார்வையாளர்தான் நஞ்சு வைக்கும் மந்திரி.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு தொடங்கியதும் சபாரத்தினம் வாய் மூடிக்கொண்டார். அவருடைய ஒரே தங்கச்சி சுசீலாதேவி கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். தை மாதத்துக்குப் பிறகு தொலைபேசி வரவில்லை. சனிக்கிழமைகளில் வழக்கம்போல வருவார், கண்ணாடியைக் கழற்றுவார், இருப்பார். தட்டில் வைத்த கட்லட் வைத்தபடியே இருக்கும். மாசி முடியும்போது அவருடைய காற்சட்டை வாரில் புதிதாக இரண்டு ஓட்டை விழுந்திருந்ததை ராசமலர் கண்டாள்.

"சாப்பிடுங்கோ அண்ணை."

"பசியில்லைத் தங்கச்சி. பிறகு பாப்பம்."

அவள் முதியோர் இல்லத்தில் சலவை வேலை செய்கிறவள். மதியத்தில் உணவு பரிமாறவும் உதவுவாள். அங்கே எல்சே என்றொரு கிழவி இருந்தாள். கெஞ்சினால் வாயைத் திறக்கமாட்டாள். ஆனால் யாராவது, இன்றைக்கு மழை வராது என்று சொல்லிவிட்டால் போதும். வரும் என்று வாதாடிக்கொண்டே ஒரு கோப்பை உருளைக்கிழங்கையும் முடித்துவிடுவாள். சண்டை பிடிக்கிற ஆளின் கை தன்பாட்டில் சாப்பிடும் என்பதை ராசமலர் பல தடவை பார்த்திருக்கிறாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை எழுத்து வேகமாக ஓடி அவளுக்கு இரண்டு வரி தவறிப்போயிற்று. படத்தில் வருத்தக்காரன் வாய் அசைத்துக்கொண்டிருக்கிறான், இவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்: "எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன்."

சபாரத்தினம் நிமிர்ந்தார்.

"என்ன சொன்னவன்?"

"அம்மாவைக் கேட்டுச் சொல்லுறானாம்."

"ஒரு நாட்டுக்கு ராசா. எல்லையில எதிரி நிக்கிறான். இவர் அம்மாட்டைக் கேக்கப் போறாராம். ஐசே கோணேஸ், நான் அண்டைக்கே சொன்னனானெல்லே. உந்த முகத்தைப் பாத்துத்தான் இப்பிடி எழுதியிருக்கிறாங்கள்."

"அம்மாவைக் கேக்கிறது குற்றமோ அண்ணை? நல்ல வளப்பு."

"உம்மை ராசாவாப் போட்டா நீரும் தங்கச்சியைக் கேட்டுத்தான் சண்டைக்குப் போவீர்."

அரை மணி நேரம் வழக்கு நடந்தது. முடிந்தபோது தட்டில் இரண்டு கட்லட் குறைந்திருந்தது. ராசமலர் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தனியே சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் துணிந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தனியாக இருந்து படத்தை ஒருமுறை பார்ப்பாள். எங்கே எந்த வாயில் எதை வைப்பது என்று முடிவு செய்துகொள்வாள். படைத்தலைவன் மழை இருட்டைக் கண்டு சண்டையை நாளைக்கு வைப்போமா என்றான். தலை வெட்ட வந்தவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெட்டினான். மகாராணி தன் வயதைக் குறைத்துச் சொன்னாள். அவளாக நடித்தவளின் வயது பற்றி அன்று பெரிய போர். சிரிப்பன் ராசமலரின் தம்பியைப் போல இருந்ததால் அவனுக்கு மட்டும் அழகான வசனமாகக் கொடுத்தாள். சீன நாட்டிலேயே நடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்று ஆண்கள் இருவரும் தீர்ப்பளித்தார்கள். வார் மூன்றாவது ஓட்டைக்குப் போகவில்லை.

வைகாசி நடுவில் வந்த சனிக்கிழமைக்கு முன் அவளுக்குப் படம் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. இல்லத்தில் இருவர் சுகவீன விடுமுறை, அவர்கள் வேலையையும் இவள்தான் செய்தாள். அட்டையில் தாடி நின்றான்; சண்டைக்குக் குறைவிருக்காது என்று எடுத்து வந்தாள். சபாரத்தினம் கைத்தொலைபேசியைக் கையில் வைத்துத் திரையையே பார்த்தபடி வந்து இருந்தார்.

தாடி ஒரு நகரத்தைச் சுற்றி வளைத்திருந்தான். ஒரு மணி நேரத்துக்கு எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. குதிரையைவிடத் தாடி கனமா என்று கோணேசன் கேட்டார். பிறகு நகரத்தின் வாசல் திறந்தது. தடியில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு சனம் வெளியே வந்தது. கிழவர்கள், பிள்ளைகளைத் தூக்கிய பெண்கள். தாடி பார்த்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான். கீழே எழுத்து வந்தது: ஒருவரையும் உயிரோடு விடாதே.

ராசமலரின் குரல் நின்றுவிட்டது.

"என்ன சொல்லுறான் புள்ள?" என்றார் கோணேசன், எழுத்தைப் பார்க்காமல் அவள் பக்கம் திரும்பி.

"எல்லாருக்கும் தண்ணி குடுங்கோ எண்டுறான். பிள்ளையளை முதல்ல விடட்டாம்."

திரையில் வீரர்கள் வாளை உருவினார்கள். சால்வைக்குக் கீழே இருந்த ரிமோட்டை அவள் அமத்தினாள். திரை நீலமாகிவிட்டது.

"கீறல் விழுந்த தட்டு" என்றாள்.

"தண்ணி குடுக்கிறதுக்கு வாளை ஏன் உருவினவங்கள்?" என்று கோணேசன் கேட்டார்.

"மரியாதைக்காக இருக்கும். சண்டை முடிஞ்சா அப்பிடித் தூக்கிக் காட்டுறவங்களாம்."

தன் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சின்ன நேரத்தில் அவள் சொன்னதில்லை. கோணேசன் தலையைச் சொறிந்தார்.

"எண்டாலும் அந்தத் தாடிக்கு மன்னிக்கிற மூஞ்சி இல்ல. பிழையான ஆளைப் போட்டுட்டாங்கள். என்ன அண்ணை?"

அப்போதுதான் ராசமலர் சபாரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். கண்ணாடி பைக்குள் இல்லை, மூக்கில் இருந்தது. தொலைபேசியைப் பார்த்தபடி வந்தவர் அன்று அதைக் கழற்ற மறந்திருந்தார். அவள் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை அந்த எழுத்து திரையில் நின்றது. அவர் வாசித்திருக்கிறார்.

அவர் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டித்தனமாக நடந்து பெரிய பிழை விட்டுவிட்டோம், இனி இந்த மனிதர் இந்த வாசலுக்கு வரமாட்டார் என்று நினைத்தாள்.

"இல்லைக் கோணேஸ்" என்றார் அவர். "சரியான ஆளைத்தான் போட்டிருக்கிறாங்கள்."

"அந்த மூஞ்சியையோ?"

"ஓம். மன்னிக்கிற முகமுள்ளவன் மன்னிச்சா அதிலை நடிப்பென்ன இருக்கு? உப்பிடி ஒரு முகம் தண்ணி குடுக்கச் சொல்லவேணும். அதுதான் படம்."

"சிரிப்பனைப் போட்டிருந்தா நாங்க நம்பியிருப்பம்."

"சிரிப்பனை ஆரும் நம்புவினம். உவனை நம்பிறதுதான் பாடு."

பேசப்பேச அவர் கை தட்டுக்குப் போயிற்று. கோணேசன் விடவில்லை, அவரும் விடவில்லை. மூன்று கட்லட் முடிந்தது. போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "நல்லா வாசிச்சனீர் தங்கச்சி" என்றார்.

திங்கட்கிழமை தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கீறல் என்று சொன்னாள். நூலகப் பெண் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்றாள். எங்கள் வீட்டு இயந்திரம் பழசு என்று சொல்லிவிட்டு ராசமலர் காதுவரை சிவந்துபோய் வெளியே வந்தாள்.

அந்த வாரம் போர் முடிந்தது. சுசீலாதேவியின் தொலைபேசி ஆனி நடுவில் வவுனியா முகாமிலிருந்து வந்தது. அவளும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், கணவனைக் கடைசி நாளில் தவறவிட்டுவிட்டாள். சபாரத்தினம் இதைச் சொல்ல ஒரு வேலைநாளில் வந்து, நின்றபடியே சொல்லிவிட்டு, பிறகு இருந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அன்று யாரும் சண்டை பிடிக்கவில்லை.

பின்னொரு சனிக்கிழமை அவர், "உந்தத் தாடி மன்னிச்ச படத்தை இன்னொருக்கா எடுக்கேலாதோ?" என்றார்.

"அது கீறல் விழுந்ததெல்லோ அண்ணை" என்றார் கோணேசன்.

"ஓம் ஓம். நல்ல இடத்திலைதான் விழுந்தது" என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். ராசமலர் தேத்தண்ணி போட எழுந்து போனாள்.

சுசீலாதேவி இப்போது கிளிநொச்சியில் இருக்கிறாள். கணவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. சபாரத்தினத்துக்கு எழுபத்தொரு வயது. இரண்டு கண்ணிலும் சத்திர சிகிச்சை முடிந்துவிட்டது, தூரத்து எழுத்துக்குக் கண்ணாடி தேவையில்லை. கோணேசனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தாடிக்கு அந்த வேடம் பிழை என்றுதான் சொல்கிறார். சனிக்கிழமைகளில் படம் போடுகிறார்கள், ராசமலர்தான் வாசிக்கிறாள்.