தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்ட பெயர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். சினிமாவில் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். காதில் விழுகிற எதற்கும் ஒரு காரணம் இருக்கும், ஒயர் லூசாக இருக்கும், இல்லையென்றால் காற்று, அவ்வளவுதான் என்று இருந்தவன். நீங்களும் அதைத்தான் சொல்லப்போகிறீர்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் படப்பிடிப்பு. ஆற்றில் மீன் குறைந்துபோய், பாதி வீடுகளுக்குக் கூரையே தார்ப்பாய்தான். அங்கே இருக்கிறவர்களே நடிக்க வேண்டும் என்று டைரக்டருக்குப் பிடிவாதம். கதைப்படி கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை, பெண்டாட்டி முழங்கால் தண்ணீரில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெண்டாட்டியாக நடித்தது மீன் விற்கிற திலகம் அக்கா. எந்தக் காட்சிக்கும் அசராதவர், அன்றைக்கு மட்டும் தயங்கினார்.

"பேரு சொல்றது வாணாம் சார். சும்மா கடல பாத்துகினு அயுவுறேனே."

டைரக்டர் விடவில்லை. நல்ல மத்தியான வெயில். அக்காவின் ரவிக்கையில் சின்ன மைக்கை மாட்டிவிட்டு, நான் கரையில் ஹெட்போனோடு உட்கார்ந்தேன். அக்கா "ரத்தினம்" என்று கூப்பிட்டார். அலைச் சத்தம். அப்புறம் மைக்குக்குப் பக்கத்திலேயே ஒரு ஆம்பளைக் குரல், "வந்துகினே கீறேன்."

நிமிர்ந்து பார்த்தேன், தண்ணீரில் அக்காவைத் தவிர யாருமில்லை. கேமராக்காரர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது டேக்கிலும் அதே குரல், இந்தத் தடவை தொண்டையில் தண்ணீர் புரள்கிற மாதிரி. மைக்கில் கோளாறு என்று பொய் சொல்லி நிறுத்தினேன். அக்கா என்னையே பார்த்தார்.

"உன் காதுல வியுந்துச்சா?"

"யாருக்கா அது?"

"ஆருன்னு எங்களுக்கே தெர்யாது நைனா. எந்தப் பேர சொன்னாலும் பதில் வரும். அதான் இங்க பொம்பளைங்க தண்ணிய பாத்து பேரு சொல்ல மாட்டோம்."

டைரக்டர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "இதுல என்னம்மா பயம், இப்படிக் கூப்பிடணும்" என்று அவரே இறங்கி, அக்கா பக்கத்தில் நின்று, கடலைப் பார்த்துக் கத்தினார். சும்மா வாயில் வந்த பெயர், என் பெயர். "சேகர்!"

நம்பினால் நம்புங்கள். ஹெட்போனில் பதில் வந்தது. "இதோ வர்றேன்." அது என் குரல். நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என் குரல் கடலிலிருந்து பேசுகிறது.

ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டேன். அக்கா ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"நீ பதில் சொல்லலியே?"

"இல்லக்கா."

"சொல்லிடாத. எயுந்து ரோட்டாண்ட போ, திரும்பிப் பாக்காத."

அந்தக் காட்சி படத்தில் இல்லை. பதிவைப் பிறகு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், கூப்பிடுகிற சத்தமும் அலையும்தான் இருக்கிறது. மனப்பிரமை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் வீட்டு மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி படியேறி வந்தாள்.

"இதோ வர்றேன்னு பாத்ரூம்லேர்ந்து குரல் குடுத்துட்டு இங்க என்ன பண்றீங்க?"

அவள் கூப்பிட்டதே எனக்குக் கேட்கவில்லை.