வரதன் எண்ணிய நாற்பத்தாறு பேர்

வரதன் 1931-ஆம் ஆண்டு பொன்னேரிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருடைய அப்பா களத்தில் நெல் அளக்கும் வேலை செய்தவர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியபோது வரதன் எங்கள் இரும்புக் குழாய்க் கம்பெனியில் ஸ்டோர் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே டைம் ஆபீஸில் வருகைப் பதிவேடு எழுதுவது என் வேலை.

கம்பெனியில் மனமகிழ் மன்றம் என்று ஒன்று இருந்தது. அதன் சொத்து ஒரு கேரம் பலகை. அதிலும் இரண்டு காய்கள் குறைவு. அந்த மன்றத்தின் பெயரில் தொழிலாளர் குடும்பங்களை ஒரு நாள் பயணமாக அழைத்துப் போகலாம் என்று முதலில் சொன்னவர் வரதன்தான். வெறும் ஊர் சுற்றலாக அது இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பொருள் வேண்டும். 12.10.1975 அன்று நடந்த முதல் பயணத்துக்குப் பொருள் 'குளம்'. திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் தொடங்கி மூன்று குளங்கள் பார்த்தோம். பிறகு 'எழுத்துள்ள கல்', 'பூ', 'பழைய கதவு' என்று இரண்டு மாதத்துக்கு ஒன்றாக நடந்தன.

முந்தின ஞாயிற்றுக்கிழமையே அவர் தனியாகப் போய்ப் பார்த்து வருவார். திங்கட்கிழமை காலை ஒரு தாள் என் மேசைக்கு வரும். குடிதண்ணீர் எங்கே, பெண்கள் ஒதுங்க இடம் எங்கே, பஸ் திரும்ப இடம் உண்டா என்று வரிசையாக இருக்கும். நிழலை மட்டும் இரண்டு முறை எழுதியிருப்பார், காலை நிழல் ஒரு பக்கம், மாலை நிழல் மறுபக்கம் என்று.

வெல்டர் ஜெயராஜ் அவரைச் சீண்டுவான்: "கோயிலுக்குப் போனா சாமி கும்புடணும். இந்தாளு இன்னாடான்னா கல்லை எண்ணச் சொல்றாரு!"

பஸ் கிளம்பும்போதெல்லாம் ஆள் எண்ணுவதும் வரதன்தான். நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். அதைச் சொல்லும்போது அவருடைய அப்பா கண்ணை மூடிச் சாமியை நினைத்துக்கொள்வாராம். வரதனும் அப்படியே செய்வார். கதவோரம் இருந்த முதல் இருக்கையின் மேல்கம்பியில் கை வைத்து, கண்ணை மூடி, "லாபம்" என்பார். அடுத்தவர் பக்கம் திரும்பிய பிறகே கண்ணைத் திறந்து "ரெண்டு" என்பார். கடைசியில் தன் மார்பைத் தொட்டு எண்ணிக்கையை முடிப்பார். அந்த எண்ணை நான் குறித்துக்கொள்வேன்.

பதினைந்தாவது பயணம் 19.2.1978, ஞாயிறு. பொருள்: 'பெயர் எழுதிய கல்'. இடம்: பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். பட்டியலில் நாற்பத்தாறு பேர்.

அன்று முதல் இருக்கையில் உட்கார்ந்தவள் கங்கம்மா. கேன்டீனில் காய் நறுக்குபவள். வயது இருபத்தெட்டு. புருஷன் காய்ச்சலில் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கவரைப்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருந்தாள். பயணத்துக்குத் தனியாகத்தான் வந்தாள்.

காலை 7.10-க்கு வரதன் அந்தக் கம்பியில் கை வைத்து "லாபம்" என்றார். பின்னாலிருந்து பாலிஷ் பிரிவு எல்லம்மா குரல் கொடுத்தாள்.

"இன்னா வரதண்ணே, காலங்காத்தால அவளையா லாபம்ன்ற? வேற தலையே கெடைக்கலியா?"

"உன் தலைய வெச்சுக்கலாமா? பேன்தான் லாபமாக் கெடைக்கும்."

பஸ் முழுக்கச் சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க. போற எடம் சுடுகாடு, மொத ஆளு இவ. நல்லாத்தான்கீது."

கங்கம்மா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் பின்னால போய்க் குந்திக்கிறேண்ணா."

"அங்கியே குந்தும்மா. நான் லாபம்னா லாபம்தான்."

அவள் உட்கார்ந்தாள். பொன்னேரியில் நாஷ்டாவுக்கு நிறுத்தி மறுபடி எண்ணியபோதும் வரதன் அவளிடமே தொடங்கினார், முன்னைவிடச் சத்தமாக.

கல்லறைத் தோட்டத்து வாசலில் இரு பக்கமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். பெண்கள் அவற்றைப் பார்க்காமல் உள்ளே போனார்கள். இருப்பதிலேயே பழைய ஆண்டைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று வரதன் அறிவித்தார். கங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண்கள் தெரியும். ஒவ்வொரு கல்லின் முன்னாலும் உட்கார்ந்து மண்ணை விரலால் துடைத்துப் பார்த்தாள். 3.20-க்கு வந்து ஒரு ஆண்டைச் சொன்னாள். அன்று கிடைத்ததில் அதுதான் பழையது. வரதன் கைதட்டச் சொன்னார்.

"செத்தவங்க கணக்கு அவளுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றாள் எல்லம்மா.

சிலர் சிரித்தார்கள். கங்கம்மா பரிசுச் சீப்பை வாங்கிக்கொண்டு மதில் பக்கம் நடந்தாள். என் குறிப்பில் அவள் பெயர் கடைசியாக வருவது அந்த வரியில்தான்.

4.45-க்கு வரதன் பஸ்ஸில் ஏறினார். கம்பியில் கை, கண் மூடியது, "லாபம்." பிறகு ஒவ்வொரு முகமாக ரெண்டு, மூணு என்று போய்த் தன் மார்பில் நாற்பத்தாறு என்று முடித்தார். நான் எழுதினேன். பஸ் கிளம்பியது.

5.35-க்குப் பொன்னேரியில் டீக்கு நிறுத்தினோம். எல்லோரும் பின்கதவால் இறங்கிவிட்டார்கள். கங்கம்மா இறங்கவில்லை என்று நினைத்து வரதன் ஒரு டீயைக் கையில் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். போனவர் அப்படியே திரும்பி வந்தார்.

"சார், சீட்டுல கூடைதான் கீது. கங்கம்மா எங்க?"

"நாற்பத்தாறு என்று எழுதியிருக்கிறேனே" என்றேன்.

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். டீ அதில் வழிந்துகொண்டிருந்தது.

6.25-க்குப் பழவேற்காட்டில் இருந்தோம். வழியில் முதலில் அழத் தொடங்கியது எல்லம்மாதான். தோட்டத்தில் ஆள் இல்லை. மதிலோரம் வலை காயப்போட்டிருந்த துலுக்காணம் என்ற மீனவர்தான் அவளைப் பார்த்திருந்தார்.

"மஞ்சப் பொடவ பொம்பள தானே? தோ, இந்த மூலையில நின்னுக்குனு உங்க பஸ்ஸத்தான் பாத்துக்குனு இருந்தா."

"கூப்புடலியா?" என்றார் வரதன்.

"ஊஹூம். நீ ஏறி எண்ணுனியே, அதையுந்தான் கேட்டுக்குனு நின்னா. வண்டி போச்சு. அவளும் போய்ட்டா."

"எந்தப் பக்கம்?"

துலுக்காணம் ஏரிப் பக்கம் கையை நீட்டினார். பிறகு மடக்கிக்கொண்டார். "பஜார் பக்கமாவும் இருக்கலாம் நைனா. நான் வலையப் பாத்துட்டேன்."

வரதன் மதில்மேல் சாய்ந்து நின்றார். "அவ இல்லாமலே நாப்பத்தாறு வந்துச்சு சார். அவ காதாலியே கேட்டுக்கினா" என்றார்.

எட்டு மணி வரை தேடினோம். மறுநாள் ஏரியில் ஆறு படகுகள் தேடின. போலீசில் எழுதிக் கொடுத்தோம். அண்ணன் இரண்டு நாள் வந்தார், பிறகு வரவில்லை. மருத்துவமனைகள், சத்திரங்கள், ஆந்திரா பக்கம் ஆரம்பாக்கம் தாண்டியும் விசாரித்தோம். எங்கும் தகவல் இல்லை. வரதன்மேல் தவறில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. அந்தத் தாளை அவர் வாங்கவில்லை.

ஆறு மாதம் கழித்து இன்னொரு பயணம் வைத்தார். 20.8.1978, பூண்டி ஏரிப் பூங்கா, பொருள் 'நிழல்'. பட்டியலில் முப்பத்தோரு பேர். முதல் இருக்கையில் யாரையும் உட்கார விடவில்லை. பூங்காவிலிருந்து கிளம்பும் நேரத்தில் கம்பியில் கை வைத்துக் கண்ணை மூடினார். "லாபம்" என்றார். கண்ணைத் திறக்கவில்லை.

"சார், இங்க கொஞ்சம் கை வைங்க."

வைத்தேன். வெயிலில் நின்ற பஸ். கம்பி சூடாக இருந்தது.

"இன்னா தெரிது?"

"கம்பி சூடாக இருக்கிறது."

"கம்பியா?" என்றார். அந்தக் குரலை விவரிக்க எனக்குத் தெரியாது. மெதுவாகக் கையை எடுத்து, ரெண்டு, மூணு என்று எண்ணிப் போய்த் தன் மார்பில் முப்பத்திரண்டு என்று முடித்தார். நான் இரண்டு எண்களையும் எழுதினேன். பஸ்ஸில் குழந்தைகளைக்கூடச் சத்தம் போட விடாமல் அம்மாக்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த பயணத்துக்கு ஐந்து பேர்தான் பெயர் கொடுத்தார்கள். மன்றம் பயணங்களை நிறுத்தியது. 31.3.1979 அன்று வரதன் வேலையை விட்டார். பழவேற்காட்டில் மீனுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு கடையில் எழுத்து வேலை கிடைத்ததென்று பிறகு தெரிந்தது.

4.11.1979, ஞாயிறு மாலை, நான் அவரைப் பார்க்கப் போனேன். கடையில் இல்லை. கல்லறைத் தோட்டத்து மதில் மூலையில் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார், ஆனால் சட்டை சுத்தமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் வெயில் படாத பக்கமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார். தினமும் இந்த நேரத்தில் இங்கே வந்து, பொன்னேரி பஸ் வந்து போகும் வரை நிற்பதாகச் சொன்னார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "வரதா, உயிரோடு இருந்தால் அவளுக்கு வழி தெரியாதா? பொன்னேரி எவ்வளவு தூரம்? ஒன்றே முக்கால் வருடம் ஆகிவிட்டது. இல்லையென்றால் இல்லை. எதற்கு இங்கே நிற்கிறாய்?"

அவர் கோபப்படவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"பஸ் போனத அவ பாத்தா சார். நாம திரும்பி வந்தத அவ பாக்கலியே. யாராச்சும் சொல்லணுமில்ல?"

5.05-க்கு பஸ் வந்தது. மீன் கூடைக்காரிகளும் பள்ளிக்கூடப் பெண்கள் சிலரும் இறங்கினார்கள். வரதன் பஸ் பக்கம் போகவில்லை, மதில் மூலையிலேயே நின்றபடி ஒவ்வொரு முகத்தையும் அது தன்னைத் தாண்டிப் போகும் வரை பார்த்தார். சிலர் அவரைத் தெரிந்தவர்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சற்று வேகமாக நடந்தார்கள்.