ஜெயித்த பந்தயமும் என் தம்பியின் காதும்

என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குள் போக வண்டிகள் வரிசையில் நிற்கும். சில நாள் பகல் முழுக்க நிற்கும். அந்த வரிசையில்தான் அவர் போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டப் பழகினார். அதற்கு பந்தய ஆப்பில் ஐடி, அதாவது ஒரு கணக்கு, வாங்கிக் கொடுத்தவன் என் தம்பி. தண்டையார்பேட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கூடவே இந்த ஏஜென்ட் வேலையும் பார்த்தான். அவனிடம் பணம் கொடுத்தால் ஐடியில் ஏற்றுவான். ஜெயித்தால் அவனே கையில் தருவான் என்று பேச்சு.

ஒரு வருடம் அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். சம்பளம் வந்த மறுநாளே என்னிடம் டீக்குக் காசு கேட்பார். பிறகு ஒரு சனிக்கிழமை, கடைசி ஓவரில், இரண்டு லட்சத்துக்கு மேல் ஜெயித்தார். என்னைத் தூக்கிச் சுற்றினார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அப்படி ஒருநாளும் செய்ததில்லை.

மறுநாள் காலை ஐடி திறக்கவில்லை. உதவிக்கென்று இருந்த நம்பருக்கு எழுதினார். ‘உங்கள் ஆட்டம் சந்தேகத்துக்குரியது, கணக்கு முடக்கப்பட்டது’ என்று பதில் வந்தது. கீழே ஒரு கும்பிடும் பொம்மை. மறுபடி எழுதினால் போய்ச் சேரவே இல்லை.

மதியம் தம்பியை வரச்சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கு வருவதுபோல்தான் அவன் வந்தான். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

“மேல கீறவன் போனே எடுக்க மாட்றான் மாமா. நான் இன்னா பண்ணட்டும்?”

“நான் தோத்தப்போலாம் நல்லா தொறந்துச்சே. அந்தத் துட்டுலாம் எவன்கிட்டடா போச்சு?”

தம்பிக்கு எந்த இடத்தில் பொய் சொல்லவேண்டும் என்று தெரியாது. “பாதி மேல போவும் மாமா. பாதி எனக்கு நிக்கும். எல்லா ஏஜென்ட்டுக்கும் அப்டித்தான்” என்றான்.

கண்டெய்னர் பூட்டு இறுகினால் தட்டித் திறக்க அவர் ஓர் இரும்புக் கம்பி வைத்திருப்பார். கதவோரம் இருந்த அதை எடுத்து முதலில் தோளில் அடித்தார். தம்பி சுவரோடு சரிந்தான். அடுத்த அடி இடது காதில் விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது.

“அப்பா, வுடுப்பா!” என்று எங்கள் மகள் ஓடிவந்து நடுவில் நின்றாள். அவள் கழுத்தில், மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீராக என் தம்பி போட்ட தங்கச் சங்கிலி. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சொந்தக்காரர்கள் எல்லாம் மெச்சிய அந்தச் சீர் யாருடைய பணம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

“கழட்டுடி அத!”

அவள் கழற்றுவதற்குள் அவரே பிடித்து இழுத்தார். சங்கிலி அறுந்தது. பெண்ணின் கழுத்தில் ரத்தம் கோடாக இறங்கியது. என் கையில் கொதிக்கும் வடிகஞ்சிப் பாத்திரம். அப்படியே அவர்மேல் வீசினேன்.

ஒரே ஆட்டோவில்தான் நான்கு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பியின் தலை என் மடியில். சட்டை மார்போடு ஒட்டிக்கொண்டு, பற்களைக் கடித்தபடி அவர் டிரைவர் பக்கத்தில். மாடிப்படியில் வழுக்கிவிட்டேன் என்றான் தம்பி. கஞ்சி கவிழ்ந்தது என்றார் அவர். சீட்டு எழுதிய போலீஸ்காரர் மகளின் கழுத்தைப் பார்த்தார்.

“ஒரே வூட்ல ஒரே நாள்ல இத்தினி விபத்தாம்மா?”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பந்தயத்தைச் சொல்லவேண்டும். அப்புறம் இரண்டு பேர்மேலும் கேஸ்.

தம்பிக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. புண் ஆறியதும் அவனை இழுத்துக்கொண்டு என் கணவர் ராயபுரத்தில் மேலே இருப்பதாகச் சொன்ன அந்த ஆளைத் தேடிப் போனார். தம்பியிடம் இருந்த முகவரியில் ஒரு மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி அந்த ஆளை நேரில் பார்த்ததே இல்லையாம். போனில் குரல் மட்டும்தானாம். இருவரும் பஸ் ஏறி வந்தார்கள். பணம் இன்றுவரை வரவில்லை.

அவர் மார்பில் தோல் இன்னும் வெளுத்துத்தான் இருக்கிறது. நடந்தது எப்படியோ வெளியே தெரிந்து, கஞ்சியை வீசியதற்காக ஊரெல்லாம் என்னைத் திட்டியது. என் அம்மாவும் திட்டினாள். வீசிய அந்த நொடியில் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை.