துண்டு கட்டினால் விசில் வராது

நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை. என் வீட்டுக்காரரை அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரர்தான் பேச வைத்தார். சிமெண்டு ஆலையில் மூட்டை ஏற்றியவர். விலா எலும்பெல்லாம் தெரியப் படுத்துக்கொண்டு, எந்நேரமும் செல்போனில் வெள்ளைக்காரர்களின் குதிரைப் படம் பார்ப்பார்.

“பாஷை புரியுதா தம்பி?” என்றேன்.

“துப்பாக்கிக்கு ஏதும்மா பாஷை? எனக்கு அதுல வர்ற விசில் பாட்டுதான் உசுரு.”

படத்தில் ஒரே புழுதி. கொள்ளைக்காரன்கூட மூக்கையும் வாயையும் மூடித் துணி கட்டியிருந்தான்.

“அந்தத் திருட்டுப்பயலுக்கு இருக்குற புத்தி ஒனக்கு இல்லையே. வேலையில நீ துண்டு கட்டலையா?”

“கட்டுனா விசில் வராதும்மா. மூட்டை தூக்கையில இந்த விசில அடிச்சாத்தான் பாரம் தெரியாது.”

சொல்லிவிட்டு உதட்டைக் குவித்தார். காற்றுதான் வந்தது, பிறகு இருமல். செல்போன் தன்பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவரை முகத்தையும் சேர்த்துத் துணியால் மூடிக் கொண்டுபோனார்கள்.

பிறகொரு நாள் சிமெண்டு ஆலை இருக்கும் ரெட்டிபாளையம் வழியாகப் பஸ்ஸில் வந்தேன். சிமெண்டுத் தூசிக்கு முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் உதட்டைக் குவித்து மெல்ல ஊதிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். வரவில்லை.