மதுவிலக்கு ஊரில் ஸ்பிரிட் ஊற்றியவன்

பாட்டில் கழுவிப் பிழைத்தவர்களே, லேப் அட்டெண்டருக்குக் கை நடுங்கக் கூடாது என்பார்கள். நடுங்காத ஒருவனையும் நான் பார்த்ததில்லை. நாலாம் வகுப்புப் படிப்போடு சேலத்துக் கல்லூரி ஒன்றில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன்.

மூன்று பாட்டில்

எங்கள் புரொபசர் துலுக்கச் சாமந்தி இதழின் சாயங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் குழாயில் சாக்கட்டிப் பொடியை இறுக்கி, அதன் தலையில் சாயத்தை விட்டு, நான் திரவம் ஊற்றுவேன். முதலில் பெட்ரோல், ஒரு மஞ்சள் வளையம் இறங்கும். அடுத்து பென்சீன், இன்னொன்று இறங்கும். உச்சியில் ஒரு ஆரஞ்சு வளையம் மட்டும் இரண்டுக்கும் அசையாது. அதற்கு ஸ்பிரிட்தான் வேண்டும்.

அப்போதுதான் எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்திருந்தது. ஸ்பிரிட்டும் சாராயச் சத்துதானே; அதை வைத்திருக்க லைசென்ஸ் புரொபசர் பேரில். ஊற்றும் கை என்னுடையது. "பயப்படாதப்பா, ஏதாவதுன்னா நான் இருக்கேன்" என்றார்.

சட்டை

ஒரு நாள் ஸ்பிரிட் வழிந்து என் சட்டை நனைந்துவிட்டது. சாயங்காலம் கடைவீதியில் போலீஸ்காரர் மடக்கி ஊதச் சொன்னார். வாயில் வாசனை இல்லை, சட்டையில் இருந்தது. "காலேஜுல ஊத்துற மருந்துங்க" என்றேன். ஜெயிலுக்குப் போனால் பெண்டு பிள்ளைக்குக் கஞ்சி ஏது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரித்தார்: "குடிச்சவனப் பாத்திருக்கேன், அதுல குளிச்சவன இப்பத்தாண்டா பாக்கறேன்."

சாட்சி

ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருந்து, மறுநாள் இன்ஸ்பெக்டரே என்னை லேப்புக்கு அழைத்து வந்து விசாரித்தார். லைசென்ஸ் போய்விடுமோ என்று புரொபசருக்குப் பயம். என் முகத்தைப் பார்க்காமல் அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை: "ஸ்பிரிட்டை அவன் என்ன பண்றான்னு எனக்குத் தெரியாது சார்."

சுருட்டு

"நீயே செஞ்சு காட்டு" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் வாயில் சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. பெட்ரோல் பாட்டிலைத் திறந்தால் மூன்று பேரும் கரி. அணையுங்கள் என்று அதிகாரியிடம் சொல்லவும் நாக்கு எழவில்லை. ஸ்பிரிட் கொஞ்சம் மெதுவாகப் பற்றும் என்று அதையே முதலில் ஊற்றினேன். ஸ்பிரிட் எதையும் விடாதல்லவா, எல்லாச் சாயமும் ஒன்றாகக் கலந்து கீழே ஓடியது.

"பிரிக்கறேன்னியே, மொத்தமா ஓடுது?" என்று எழுந்தார். அப்போதுதான் என் வாய் திறந்தது. "சாமி, சுருட்ட அணைச்சாத்தானுங்க நான் யோக்கியன்னு காட்ட முடியும்."

அணைத்தார். புதுக் குழாயில் பெட்ரோல், பென்சீன், கடைசியில் ஸ்பிரிட். மூன்று வளையமும் தனித்தனியே இறங்கின. என்னைப் போகச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் புரொபசரிடம் திரும்பினார்: "இதுகூடவா சார் உங்களுக்குத் தெரியாது?"

அன்றிலிருந்து ஸ்பிரிட் ஊற்றிய நாளெல்லாம் கடைவீதி தாண்டும்வரை சாட்சிக்குப் புரொபசரை என்னோடு நடக்க வைத்தேன். மனுஷன் கடைசிவரை பத்தடி தள்ளியேதான் நடந்தார்.